செண்பகவடிவுக்குக் கொடுத்த வாக்கு

மேலே காற்று நஞ்சான பிறகு, பழைய சுரங்கம் ஒன்றுக்குள் இறங்கி இரும்புக் கதவை அடைத்துக்கொண்ட கூட்டத்தில் நயினாரும் ஒருவர். கீழே எங்கும் பாறை. மண் என்று இருந்தது ஒரே ஒரு காளான் பாத்திதான். செத்தவர்களை அதில்தான் புதைப்பார்கள். அதில் முளைப்பதைத்தான் எல்லோரும் உண்பார்கள். முகம் சுளிக்கப் பசி யாரையும் விடவில்லை.

நயினாரின் மனைவி செண்பகவடிவு இருமி இருமி எலும்பாகிப்போனாள். கடைசி மூச்சுக்கு முன் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"என்னைய அந்தப் பாத்தியில போட்டுராதிய. அதுல மொளைக்கத நம்ம மவ உலகம்மால்லா திங்கணும்."

"போடமாட்டேன்" என்றார் நயினார். வேறென்ன சொல்வார்? அதைக் கேட்ட பிறகே அவள் கண் மூடினாள்.

பாத்தியைப் பராமரித்துவந்த கோயில்பிள்ளையிடம் போய் அழுதார்.

"வேற எங்க அண்ணாச்சி வைக்க? கதவத் தொறந்தா நஞ்சுக் காத்து உள்ள வந்துரும். பாறையில கெடந்தா நாறி, உள்ள இருக்க காத்தும் கெட்டுரும். அத்தன பேரும் சாவோம்" என்றார் கோயில்பிள்ளை.

இருவருமாகத் தூக்கிப்போய்ப் பாத்தியில் வைத்தார்கள்.

மகள் உலகம்மாளுக்குப் பதினாறு வயது. "நீ ஒறங்கையில ஒரு நிமிசம் கதவத் தொறந்து அம்மைய வெளிய அடக்கம் பண்ணிட்டோம்" என்று அவளிடம் சொன்னார் நயினார். அவளும் நம்பினாள். கொடுத்த காளானைத் தின்றாள். தன் பங்கிலிருந்தும் எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

ஒருநாள் அவள் கோயில்பிள்ளையிடம் வந்து நின்றாள். "மாமா, எங்கம்ம வெளியதான இருக்கா? சத்தியமாச் சொல்லுங்க."

"இல்ல தாயி" என்று பாத்தி மண்ணைக் காட்டினார் அவர்.

அன்றோடு அவள் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. நயினார் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "நீங்க சொல்லுதத இனி எப்பிடிப்பா நம்ப?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். படுத்தவள் எழவில்லை. அவளையும் அந்தப் பாத்தியில்தான் வைத்தார்கள்.

பொய் சொல்லி மகளைப் பசியாற்றினார் நயினார். கேட்டவளிடம் உண்மையைச் சொன்னார் கோயில்பிள்ளை. இருவரில் யார் செய்தது சரி?

விடை: சாகிறவளுக்குத் தலையாட்டியது பிழையில்லை. பெற்ற பிள்ளையைப் பட்டினி போடாததும் பிழையில்லை. ஆனால் உலகம்மாள் விவரம் தெரிந்த பெண். முன்னமே சொல்லியிருந்தால் கதறியிருப்பாள், அழுது ஓய்ந்து ஒருவேளை தின்றும் இருப்பாள். தின்னலாமா வேண்டாமா என்பதை அவளுக்குத் தெரியாமல் அப்பாவே முடிவு செய்ததுதான் தவறு. கோயில்பிள்ளை செய்தது சரி. ஆனாலும் அதன் பிறகு அவர் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நயினார் தினமும் வரிசையில் நின்று, தட்டை வாங்கி, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.