உமையாளின் தலைக் கோட்டம்

மாசிலாமணி அன்று கடையைத் திறக்கவில்லை. விடிந்ததும் ஆற்றங்கரை மடத்துக்கு வந்துவிட்டார்.

கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. மடத்துச் சாமி அவரைவிடப் பத்து வயதாவது சின்னவர். ஆனாலும் குரு அவர்தான். அவர் சொல்லிக்கொடுத்தபடி காலையும் மாலையும் கண்ணை மூடி உட்காருவது மாசிலாமணிக்கு நெடுநாள் பழக்கம்.

சாமி மழித்த தலையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, முகமே சரியில்லையே?"

"பாப்பா தலை சரியில்ல சாமி."

வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை. பெயர் உமையாள். நாலு மாதம்.

"பின்மண்டை வலது பக்கம் தட்டையா இருக்கு. அந்தப் பக்கத்துக் காது முன்னால தள்ளி நிக்குது. ஊரான் சக்கரத்துக்கெல்லாம் கோட்டம் எடுக்கிறேன். என் பிள்ளை தலையில கோட்டம்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"வியாதி ஒண்ணுமில்லையாம். ஒரே பக்கம் படுக்கிறதால வர்றதாம். திருப்பிப் படுக்க வைங்கன்னாங்க. திருப்பி வச்சா மறுபடி அந்தப் பக்கமே திரும்பிக்குது."

"அப்புறம்?"

"குளிப்பாட்டுற அம்மா ஒருத்தங்களை அக்கா நாளைக்கு வரச் சொல்லியிருக்கா. வெந்நீர் ஊத்தி அமுக்கி, துணியால இறுக்கிக் கட்டினா உருண்டையாயிடுமாம். நீங்க திருநீறு கொடுத்தா..."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"தொட விடமாட்டேன்னு மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நேத்திலேர்ந்து சாப்பிடல. அக்கா வேற, 'ஒரு பிள்ளையத் திருப்பிப் போடத் துப்பில்ல'ன்னுட்டா. நானும்..." மாசிலாமணி தரையைப் பார்த்தார். "நானும் ரெண்டு வார்த்தை சொல்லிட்டேன்."

சாமி எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"சக்கரம் வளருமா?"

"அதெப்படி சாமி வளரும்?"

"பாப்பா தலை வளருது. உச்சி இன்னும் மூடல. உள்ளேயிருந்து மூளை தள்ளிக்கிட்டே இருக்கு. வெளியிலிருந்து நாம எதுக்கு அமுக்கணும்?"

"பொம்பளப் பிள்ளை சாமி. நாளைக்கு நாலு பேர் சொல்லுவாங்க."

"இங்க வாங்க. என் தலையைத் தொட்டுப் பாருங்க."

"சிவசிவா! நானா?"

"எண்ணெய்க் கை உங்களுக்குப் புதுசா? தொடுங்க."

மாசிலாமணி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டார். பின்மண்டையின் இடது பக்கம் பலகைபோல் இருந்தது. இத்தனை வருடமாக எதிரே உட்கார்ந்தே பார்த்ததால் அவருக்கு அது தெரியவில்லை.

"எங்கம்மா இட்லிக் கடை வச்சிருந்தாங்க" என்றார் சாமி. "என்னைப் பாயில போட்டுட்டு அடுப்புகிட்ட உக்காந்துடுவாங்க. நான் அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டுக் கிடப்பேனாம். அப்பா சொல்லுவார்."

"அம்மா இப்ப...?"

"நான் நடக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. போட்டோ கிடையாது. முகமும் ஞாபகமில்ல. குளிக்கிறப்ப கை தானா அந்த இடத்துக்குப் போகும்."

மாசிலாமணி கையை உடனே எடுக்கவில்லை.

"பாப்பாவை எங்க படுக்க வைப்பீங்க?"

"கூடத்துல, பாயில."

"வலது பக்கம் என்ன இருக்கு? ஜன்னலா?"

"சுவர்தான் சாமி. சுவரோரம் மணை போட்டிருக்கும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். காலையில அங்கதான் உக்காருவேன். கடை மூடி வந்ததும் மறுபடி..."

"கண்ணை மூடிக்கிட்டு."

"நீங்க சொன்னபடிதான் சாமி."



"அந்த நேரத்துல பாப்பா அழுமா?"

"அழவே அழாது. பக்கத்துல கிடக்கிறதே தெரியாது."

சொல்லிவிட்டு மாசிலாமணி சாமியின் தலையை மறுபடி பார்த்தார். பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்தபடி எழுந்தார்.

"அந்த அம்மாவை வர வேண்டாம்னு சொல்லிடறேன் சாமி."

"வீட்டுல அவங்களை முதல்ல சாப்பிட வைங்க."

வாசல்வரை போனவர் திரும்பினார்.

"நாளைக்குக் காலையில நான் எப்படி உக்காரட்டும்?"

"மணையை இடது பக்கம் போடுங்க" என்றார் சாமி. "கண்ணைத் திறந்துக்கிட்டு உக்காருங்க."