கடைசி ஆளின் எண்

பிரான்சின் வடக்கே, ஆற்றங்கரை ஊர் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைகளில் மூடுபனியும் கால்பந்தும் ஒரே மைதானத்துக்கு வரும். பனி நேரத்துக்கு வந்துவிடும். ஆட்டக்காரர்கள்தான் தாமதம்.

மிகவும் கீழே இருக்கிற லீக் அது. அதற்கும் கீழே இன்னும் ஒரே ஒரு பிரிவுதான். மேலிடம் நடுவர் ஒருவரை மட்டும் அனுப்பும். கோட்டோரம் கொடி பிடிக்க அந்தந்த அணியே ஓர் ஆளைத் தர வேண்டும். மருமகள் வழக்குக்கு மாமியாரையே நீதிபதியாக உட்காரவைத்த ஏற்பாடு.

பந்து உதைபடும் நொடியில், கோல்கீப்பர் நீங்கலாக எதிரணியின் கடைசி ஆள் யாரோ, அவரைத் தாண்டி நம் ஆள் நிற்கக் கூடாது. நின்றால் கொடி உயர வேண்டும். இவ்வளவுதான் சட்டம். ஆனால் சொந்த ஆள் தாண்டி நின்றால் மட்டும் அந்த லீக்கில் எல்லாருக்கும் கை வலி வந்துவிடும்.

மதலேனுக்கு வந்ததில்லை. புதுச்சேரிக்காரி, முப்பத்தொன்பது வயது. வாரநாட்களில் பள்ளிக்கூட வாசலில் வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பவள். ஏழு வருடமாகச் சொந்த அணியின் கோல்களைக் கொடி தூக்கிக் கலைத்து, சொந்த அணியிடமே திட்டு வாங்கியவள். கேலியாகத்தான் டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளடைவில் கேலி தேய்ந்து, பெயர் நின்றுவிட்டது.

செப்டம்பரில் சவரிராயன் அவளைத் தேடி வந்தார். காரைக்காலில் பிறந்தவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது ஐம்பத்தெட்டு. அவர் மகன் ரெமிதான் அந்த அணிக்கு முன்னால் நின்று கோல் போடுகிறவன்.

"டீச்சர், அடுத்த வருஷம் நீங்க தெற்கே குடி போறீங்களாம். கொடி பிடிக்க எனக்குக் கத்துக்குடுங்க."

"எதுக்குண்ணே?"

"நியாயமா ஒரு ஆள் வேணும்ல."

"ரெமி என்ன சொல்றான்?"

சவரிராயன் சிரித்தார். "வேணாங்கறான். நீ கோட்டுல நின்னா நான் போடற கோலை எவன் நம்புவான்னு கேக்கறான்."

"புத்திசாலி," என்றாள் மதலேன்.

ஒரு மாதம் கொடியில்லாமல் வெறுங்கையோடு கோட்டோரம் நடக்க வைத்தாள்.

"பந்தைப் பாக்காதீங்க. உதைக்கிற சத்தம் தானா காதுக்கு வரும். கண்ணு அவங்க கடைசி ஆள் மேல இருக்கணும்."

"பந்தைப் பாக்காம எப்படி டீச்சர் மேட்ச் பாக்கறது?"

"மேட்ச் பாக்க டிக்கெட் வாங்கிட்டா வந்தீங்க?"

அக்டோபர் பனியில் இருபத்திரண்டு பேரும் கரைந்துபோனார்கள். எங்கிருந்தோ தொப்பென்று ஒரு சத்தம். யாரோ யாரையோ கூப்பிடும் குரல். வெள்ளைக் கோடு மட்டும் பால் சிந்தின மாதிரி அவர் காலடியிலிருந்து கிளம்பிப் போய் எங்கேயோ மறைந்தது. அதன்மேல் நடக்கையில், தான் தூங்கிக்கொண்டிருக்கிறோமோ என்று சவரிராயனுக்குச் சந்தேகமாக இருந்தது.

நவம்பரில் கொடி கைக்கு வந்தது. அன்றே ரெமி கோல் போட்டான். கொடி உயரவில்லை. எதிரணி கத்தியது, நடுவர் கொடியைப் பார்த்தார், கோல் என்றார். அணி ஜெயித்தது.

மதலேன் காப்பிக் கோப்பையோடு வந்தாள்.

"கடைசி ஆளோட நம்பர் என்ன?"

"எந்த ஆளு?"

"ரெமி பக்கத்துல நின்ன அவங்க ஆளு. முதுகுல ஒரு நம்பர் இருந்திருக்குமே."

சவரிராயன் யோசித்தார். "ரெமி ஒம்பது."

"அது ஊருக்கே தெரியும்."

"அவன் தாண்டி நின்னானா டீச்சர்?"

"என்னைக் கேட்டா? கொடி உங்க கையில இருந்துச்சு."

கொடியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கிறிஸ்துமஸ் தாண்டி, ஆறு கரையேறி வடிந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் சவரிராயன் ஒரு சங்கற்பம் செய்திருந்தார். இனி மகன் என்று பார்ப்பதில்லை.

மே மாதம், கடைசி ஞாயிறு. ஜெயித்தால் இந்தப் பிரிவிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் கீழே. கரையோரத்துப் பாப்ளர் மரங்கள் பஞ்சு உதிர்க்கிற காலம். வெயிலில் பனி பெய்வதுபோல் மைதானம் முழுக்க வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. ஓடுகிறவர்கள் ஓசையில்லாமல் ஓடுவதாகத் தோன்றியது.

எண்பத்தொன்பதாவது நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. தொப்பென்று சத்தம் வந்தது. பஞ்சைக் கிழித்துக்கொண்டு ரெமி ஓடினான். வலை குலுங்கியது.

சவரிராயனின் கொடி உயர்ந்தது.

நடுவர் கோலை ரத்து செய்தார். ஆட்டம் முடிந்தது. அணி கீழே போயிற்று.

எதிரணித் தலைவர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "பெத்த பிள்ளைக்கே தூக்கினீங்களே முசியே! இந்த லீக்குல உங்களை மாதிரி ஒருத்தர் உண்டா?" நடுவர் வந்து கைகொடுத்தார். சொந்த அணியில் ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. ரெமி மட்டும் எதிரே வந்து நின்றான்.

"நான் தாண்டலப்பா."

பையைத் தூக்கிக்கொண்டு, அப்பாவின் காரைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனான்.

மதலேன் மூலைக் கொடிகளைப் பிடுங்கிக் கொண்டிருந்தாள். சவரிராயன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளிடம் போனார்.

"பாத்தீங்களா டீச்சர்? சொந்த மகனுக்கே தூக்கிட்டேன்."

"பாத்தேன்."

"இனிமே ஒருத்தன் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேச முடியாது."

"கடைசி ஆளோட நம்பர் என்ன?"

சவரிராயன் வாயைத் திறந்தார். பஞ்சு ஒன்று மெதுவாக வந்து அவர் மீசையில் உட்கார்ந்தது.

"சத்தம் கேட்டுச்சு... ரெமி ஓடினான்..."

"நம்பர்ணே."

அவர் கையிலிருந்த கொடியைப் பார்த்தார். பிறகு பஸ் நிறுத்தத்தை.

"அவன் தாண்டினானா இல்லையா? நீங்களாவது சொல்லுங்களேன்."

"நான் காப்பிக் கடைக்கிட்ட நின்னேன். அங்கேருந்து எப்படித் தெரியும்?"

"நவம்பர்ல நான் தூக்கல, தப்புன்னீங்க. இன்னைக்குத் தூக்கினேன்..."

"தப்புன்னு நான் என்னைக்குச் சொன்னேன்? ரெண்டு நாளும் நம்பர்தான் கேட்டேன்."

சவரிராயன் கொடியை நீட்டினார். அவள் வாங்கவில்லை. மூலைக் கொடிகளைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பஸ் வர எட்டு நிமிஷம் இருக்கு. போய் அவன்கிட்ட சொல்லுங்க."

"என்னன்னு?"

"நம்பர் தெரியாதுன்னு."