நூறு கண்ணி

"நூறு கண்ணி இருந்தா சட்டை. குறைஞ்சா சட்டை இல்ல. இதுல யோசிக்க என்ன இருக்கு, மேடம்?" என்று கேட்டார் தணிகைவேல்.

 இமாகுலேட் டீ சொல்லி அனுப்பினாள்.

தணிகைவேலுக்கு ஐம்பத்திரண்டு வயது. துறைமுகச் சுங்கத்தில் இருபது வருடம் இரும்புப் பிரிவில் இருந்தவர். துணிப் பிரிவுக்கு மாற்றலாகி மூன்று வாரம்தான் ஆகிறது. அவருக்குத் தொழில் கற்றுத்தர வேண்டியவள் இமாகுலேட். அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள்.

மேஜையில் ஒரு பின்னல் சட்டை கிடந்தது. கப்பலில் வந்த நாற்பது பெட்டிச் சரக்குக்கு அதுதான் மாதிரி. சட்டை என்று எழுதி வந்த சரக்கு. பத்து சென்டிமீட்டருக்கு நூறு கண்ணியாவது, அதாவது நூறு நூல் வளையமாவது, இருந்தால்தான் பின்னல் துணியைச் சட்டைக்கான வரிக் கணக்கில் சேர்க்கலாம் என்பது விதி.

தணிகைவேல் லென்ஸ் வைத்துக் குறுக்கே மூன்று தடவை எண்ணியிருந்தார். தொண்ணூற்றொன்று. தொண்ணூறு. மறுபடியும் தொண்ணூற்றொன்று.

"பொய்ச் சரக்கு, மேடம். எழுதிடலாம்."

இமாகுலேட் சட்டையை மேஜையில் பரப்பினாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் பாக்கலாம், சார். அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம்."

அறையைப் பூட்டினாள். சாவியைத் தன் கைப்பையில் போட்டாள்.

அவள் சரக்குக்காரரோடு சேர்ந்து சட்டையை மாற்றி வைப்பாள் என்று தணிகைவேல் எதிர்பார்த்தார். அதனால்தான் காலர் மடிப்புக்குள் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தார். தன் சட்டைப் பைக்குள் அவள் மேல் மேலதிகாரிக்கு எழுதிய புகாரும் தயாராக இருந்தது. மூன்று மணித் தபாலில் அது போய்விட்டால் இமாகுலேட்டின் வேலைக்கே ஆபத்து.

வராந்தாவில் சரக்குக்காரரின் ஏஜென்ட் கோமதிநாயகம் நின்றிருந்தான். இமாகுலேட் அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் சிரித்தான்.

"என்ன சார், பசிக்கலையா?" என்றான் தணிகைவேலைப் பார்த்து. "கதவு எங்கேயும் ஓடிப்போகாது."

தணிகைவேல் கதவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்.  பின்பக்கம் ஜன்னல் ஒன்று இருப்பது பாதிச் சாப்பாட்டில்தான் நினைவு வந்தது. எழுந்து போய்ப் பார்த்தார். கம்பி போட்டிருந்தது. கம்பியையும் ஆட்டிப் பார்த்தார்.

இரண்டரை மணிக்கு இமாகுலேட் பூட்டைத் திறந்தாள்.

"எண்ணுங்க, சார். துணியைத் தொடாம எண்ணுங்க."

குனிந்து எண்ணினார். நூற்று நான்கு.

மறுபடி எண்ணினார். நூற்று நான்கு.

நெடுக்கே எண்ணினார். அதுவும் நூறுக்கு மேல்.

 காலரைத் திருப்பினார். மடிப்புக்குள் நீலப் புள்ளி இருந்தது. அவர் வைத்த புள்ளி. கொஞ்சம் கோணலாக, அவர் வைத்த மாதிரியே.

"அதே சட்டைதானே, சார்?" என்றாள் இமாகுலேட்.

அவர் புள்ளியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"காலைல எப்படி எண்ணினீங்க? ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

தணிகைவேல் வலது கையில் லென்ஸை எடுத்தார். இடது கை தானாகவே துணியின் ஓரத்தைப் பிடித்தது. கட்டைவிரலால் அழுத்தி இழுத்தது. கண்ணிகள் அகன்று கொடுத்தன.

கை அப்படியே நின்றது.

"இழுத்துப் பிடிச்சாத்தானே, மேடம், நல்லாத் தெரியும்," என்றார்.

"ஆமா, சார். நல்லாத் தெரியும்."

அவர் விரலை எடுத்தார். துணி மெல்லச் சுருங்கிப் பழைய இடத்துக்குப் போனது. முழுதாகப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே கோமதிநாயகம் யாரிடமோ பேசிச் சிரிப்பது கேட்டது.

தபால் எடுக்கும் பேச்சியம்மாள் வாசலில் வந்து நின்றாள். "மூணு மணி ஆச்சு. உங்க தபால் ஏதும் இருக்கா, சார்?"

தணிகைவேலின் கை சட்டைப் பைக்குப் போனது. கடிதத்தின் ஓரத்தைத் தொட்டது.

"இல்லம்மா," என்றார். "இன்னும் எண்ணி முடிக்கல."