டென்னிசன் தோளில் இறங்கின தேனீக்கூட்டம்

மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு ஊர்ல ஒரு தையல்காரி இருந்தா. பேரு கமலபாய். வீட்டுக்காரர் பேரு டென்னிசன். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கடகட கடகடன்னு மிஷின் மிதிச்சு, ஊசியவே பாத்துப் பாத்து அவ கண்ணு எரியும். அப்போ அவளோட அண்ணன் பொண்டாட்டி, ஸ்டெல்லா மைனி, ஒருநாள் வந்தா. மைனியோட ரப்பர் தோட்டத்துல தேன்பெட்டி நெறைய உண்டு.

"ஒரு பெட்டி தாறேன், வச்சுப் பாரு. பொழுதும் போவும், தேனும் கெடைக்கும்"னா மைனி.

"எனக்குப் பயமா இருக்கே மைனி."

"எனக்கும் தான். பயத்தோடயே தொறப்போம்."

கதை கேக்குறியா? ம் சொல்லு மக்கா. ஆங்.

அப்புறம் பெட்டி வந்துச்சு, பலாமரத்துக்குக் கீழ வச்சாச்சு. முதநாள் கமலபாய் மூடியத் தொறந்தா. உள்ளேர்ந்து குர்ர்ர்னு ஒரு சத்தம். பயந்துபோய், பிடிச்சிருந்த தேனடைச் சட்டத்த டக்குனு நழுவ விட்டுட்டா. அவ்வளவுதான், வெரல்ல சுரீர், புருவத்துல சுரீர். அழுதுட்டே மூடுனா. ஆனா மறுநாளும் தொறந்தா. அதுக்கு மறுநாளும் தொறந்தா. தேனீ தேன் கொண்டாறதையும், புழுவுக்கு ஊட்டுறதையும் பாக்கப் பாக்க அவளுக்கு ஆசை வந்துடுச்சு. பயம் மட்டும் போவல.

அப்போ ஒருநாள் என்னாச்சு, துணி காயப்போட வந்த டென்னிசனுக்குக் காதுல ஒரே ஒரு கொட்டு.

ம்? ஒண்ணுதான் மக்கா. ஆனா அவரு ஒடம்புக்கு அது ஆவாது. மூஞ்சி பொசுபொசுன்னு வீங்கி, மூச்சு கீ... கீ...ன்னு இழுத்து, ஆட்டோல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. ஊசி போட்டுப் பொழைக்க வச்ச டாக்டர், "இன்னொரு கொட்டு வாங்கிடக் கூடாது"ன்னு கண்டிச்சு அனுப்புனாரு.

கமலபாய் உடனே மைனிக்குப் போன் போட்டா. "சனிக்கிழமை வண்டியோட வந்து எடுத்துக்கிடுறேன்"னா மைனி, புதுசா ஒரு காலிப்பெட்டியும் குடுத்து விட்டா. "கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சாலும் பிரியும். அப்போ இதுல பிடி. பிரிஞ்சு கெளம்புற கூட்டம் வயிறு நெறையத் தேன் குடிச்சிருக்கும், சட்டுனு கொட்டாது. நசுக்குனா கொட்டும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம். பின்வாசல் கதவுக்கிட்ட நாற்காலி போட்டு டென்னிசன் அசந்து தூங்குறாரு. இவ உள்ள தைக்குறா. வெளிய உய்ய்ய்ங்னு ஒரு எரைச்சல். ஓடி வந்து பாத்தா, தேனீக்கூட்டம் பொகையாட்டம் சுத்திச் சுத்தி வந்து, அவரு எடது தோள்ல எறங்குது. ஒண்ணு மேல ஒண்ணு, ஒண்ணு மேல ஒண்ணு, கழுத்து வரைக்கும் கருப்பாத் தொங்குது.

அவரு கண்ணு முழிச்சுட்டாரு.

"அசையாதீங்க"ன்னா இவ, மெதுவா. "வாய மூடிக்கிடுங்க. மூக்கால மூச்சு விடுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

அவரு கண்ணுலேர்ந்து தண்ணி வழியுது. தொடைக்க முடியல.

மொதல்ல இவ தேங்கா நாருச் சவுரியக் கொளுத்திப் பொகை போட்டா. பொகை மூக்குல ஏறி அவருக்கு இருமல் முட்டிடுச்சு, நெஞ்சு குலுங்குது. பொகைய அந்தால தூக்கிப் போட்டா. அப்புறம் கோழி எறகால தள்ளிப் பாத்தா. தேனீ எறங்கல, குறுகுறுன்னு தாடைக்கு ஏறுது. எறகையும் கீழ வச்சா.

இனி கைதான். ராணித் தேனீ எங்க போவுதோ அங்கதான் எல்லாம் போவும். வெறும் வெரல கூட்டத்துக்குள்ள விட்டா மக்கா. உள்ள வெதுவெதுன்னு சூடு. வெரலச் சுத்தி ஊருது. ஒண்ணக்கூட நசுக்கக் கூடாது. மெதுவா வெலக்குறா, வெலக்குறா, காணல. அவரு மூச்சு அவ கையில படுது. இன்னும் கொஞ்சம் வெலக்குனா, அந்தா, நீளமா, கருகருன்னு ராணி.

பிடிச்சு, குச்சியக் கொட்டுன தீப்பெட்டிக்குள்ள விட்டா. தீப்பெட்டியக் காலிப்பெட்டிக்குள்ள வச்சு, பெட்டிய அவரு தோளோட ஒட்டிப் பிடிச்சா. கை கடுக்குது. கொஞ்ச நேரம் ஒண்ணும் நடக்கல. அப்புறம் ஒண்ணு போச்சு. ரெண்டு போச்சு. சரசர சரசரன்னு எல்லாம் வரிசையா உள்ள எறங்குது.

ஒண்ணு மட்டும் நின்னுச்சு. அவரு தொண்டக்குழில.

அவரு எச்சி முழுங்கல. இவ ஊதல, தொடல, பாத்துட்டே நின்னா. அது தன்னோட மீசைய ரெண்டு தடவ தொடச்சுது. அப்புறம் விர்ர்னு பறந்து போய்டுச்சு.

பெட்டிய மூடிட்டு கமலபாய் தரையில உக்காந்துட்டா. அவரும் எறங்கி வந்து பக்கத்துல உக்காந்தாரு.

மறுநாள் ரெண்டு பெட்டியும் மைனி தோட்டத்துக்குப் போச்சு. ஞாயித்துக்கிழமை தோறும் கமலபாய் அங்க போய்த் தொறந்து பாப்பா. டென்னிசனும் கூடப் போவாரு. தோட்டத்துக்குள்ள வரமாட்டாரு. தலைக்கும் காதுக்கும் துண்டச் சுத்திக்கிட்டு ரோட்டுலயே நிப்பாரு.

"பயந்துக்கிட்டு இவ்வளவு தூரம் ஏன் வாறீங்க?"ன்னு அவ கேட்டா.

"பயந்தான். ஆனா நீ திரும்பி வாற வரைக்கும் வீட்டுல தனியா இருந்தா, அது இதவிடப் பயம்"னாரு.

ம் சத்தத்தக் காணும்? சரி, கதையும் படுத்தாச்சு, நீயும் கண்ண மூடிக்கோ.