ஒச்சாயி சிறுவிடைக்குச் சொன்ன பொய்

கோழியும் ஆடும் மனுசரோடு பேசித் திரிந்த அந்தக் காலத்தில், வானம் பார்த்த கரிசல் காட்டில் ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். புருஷனை இழந்தவள். அவளுக்கு இருந்ததெல்லாம் செவத்தி என்ற சின்ன மகளும், கையடக்கமான ஒரு சிறுவிடைக் கோழியும்தான். கோழிக்கு உடம்புதான் சிறுசு, ராங்கி பெரிசு. அந்நாளில் கோழிகள் மண்ணைக் கிளறுவதில்லை. இதுவோ கீழே கிடக்கும் தீனியைக்கூடத் தொடாது. செவத்தி உள்ளங்கையில் கம்பு வைத்து நீட்டினால்தான் கொத்தும்.

அடுத்தடுத்து மழை பொய்த்தது. குதிர் காலியானது. ஆடுமாடுகள் தண்ணீர் இருக்கும் சீமைக்குப் போய்விட்டன. அப்புறம் வந்த காய்ச்சல் செவத்தியைக் கொண்டுபோனது. ஒச்சாயியே குழி தோண்டி மகளைப் புதைத்தாள். வாய்விட்டு அழவும் தெம்பில்லை.

வீடு திரும்பினால் வாசலில் கோழி.

"செவத்திய எங்க ஆத்தா? பசிக்குது."

பானையைச் சுரண்டிக் கிடைத்த நாலு கம்பை ஒச்சாயி தன் கையில் வைத்து நீட்டினாள்.

"அவ வந்து குடுக்கட்டும்" என்று கோழி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாளும் அதே பிடிவாதம். கழுத்து தொங்கிவிட்டது. மகள் வளர்த்த உயிர். இதுவும் போய்விட்டால் ஒச்சாயிக்கென்று யார் இருக்கிறார்கள்? செத்துப்போனாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"அவ மண்ணுக்குக் கீழ இருக்காடி" என்றாள். "ஒனக்குத் தீனி எடுக்கத்தான் போயிருக்கா."

"எந்த எடத்துல?"

"எனக்கென்ன தெரியும்? தேடிப் பாரு."

கோழி காலால் மண்ணைப் பறித்தது. கறையான் கிளம்பியது. "செவத்தி அனுப்பிவிட்டா!" என்று கூவிக்கொண்டு ஆசை ஆசையாகத் தின்றது. அதற்கப்புறம் வெயிலென்றும் பாராமல் காடெல்லாம் கிளறித் தின்று, அந்தப் பஞ்சத்திலும் உயிர் பிழைத்துக் குஞ்சும் பொரித்தது. பார்க்கப் பார்க்க ஒச்சாயிக்கு நெஞ்சு வெந்தது.

ஒருவழியாக மழை பெய்து கம்பு விளைந்தது. முதல் கம்பை முறம் நிறைய எடுத்துவந்து கோழிமுன் கொட்டினாள்.

"போதும்டி, கிளறாத. செவத்தி செத்துட்டா. நான் பொய் சொன்னேன்."

கோழி அவளை நிமிர்ந்து பார்த்தது.

"இப்பத்தான் ஆத்தா பொய் சொல்ற. அவ இல்லாமலா இத்தன நாளும் எனக்குத் தீனி வந்துச்சு?"

அதன்பின் கோழி அவளோடு பேசவே இல்லை. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தது.

அன்று முதல்தான், கொட்டிக் கிடக்கும் தானியத்தின்மேல் நின்றாலும், கோழி காலால் மண்ணைக் கிளறிவிட்டு, ஓரடி பின்னால் வைத்து, தலையைச் சாய்த்து உள்ளே உற்றுப் பார்க்கிறது.