விசில் நிற்கும் இடம்

"தம்பி தட்டுறது எனக்குக் கேக்குது, டாக்டர். நான் தட்டுறதுதான் அவனுக்குக் கேக்க மாட்டேங்குது."

டாக்டர் ஷமீமா ஒருவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றார்.

குரு என்றால் தாடி வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம். இந்தக் கதையில் குரு, தூத்துக்குடியில் பல் பிடுங்குகிற ஒரு பெண். சீடர் ராயனுக்கு அவரைப் போல் இரண்டு மடங்கு வயது.

இரண்டு பேருக்கும் அமெச்சூர் ரேடியோ உரிமமும், ஆளுக்கொரு அழைப்புக் குறியும் உண்டு. மொட்டை மாடியில் கம்பி கட்டி, சொந்தப் பெட்டி வைத்து, எங்கோ இருக்கிற இன்னொருவரோடு புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டிப் பேசலாம். ராயன் பல வருஷம் பேசாமல் இருந்தார். டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். அதனால் அவர் குரு.

ராயனின் தம்பி சூசை குன்னூரில் இருக்கிறார். அண்ணன் போன் செய்தால் எடுப்பதில்லை.

காரணம் ஒரு ரேடியோப் பெட்டி. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வாங்கியது. தம்பி ஊரில் இல்லாதபோது, கேட்காமல் கொள்ளாமல் அதை விற்றுவிட்டார் ராயன். சும்மாதானே கிடந்தது என்றார். அதற்கு மேல் தம்பி ஒன்றும் கேட்கவில்லை. பேசவுமில்லை.

ஆனால் ரேடியோவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இருக்கிறீர்களா என்று ஒருவர் பொதுவாக அழைத்தால், பதில் சொல்பவர் யாரானாலும் அவரோடு பேச வேண்டும். ஆள் பார்த்துக் கதவைச் சாத்துவது அங்கே மரியாதை இல்லை. சூசை மரியாதை தெரிந்தவர். தினமும் காலையில் அப்படி அழைக்கிறவர்.

அந்த ஒரு கதவுதான் திறந்திருந்தது. அதுவும் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு மூடப்போகிறது என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். சூசை மஸ்கட்டில் மகள் வீட்டுக்குப் போகிறார். அங்கே கம்பி கட்ட விட மாட்டார்களாம்.

விற்றவன் இன்னொன்றை விலைக்கு வாங்கிக்கொண்டு போய் நிற்பது நன்றாக இருக்காது என்று ராயனுக்குத் தோன்றியது. பாகம் பாகமாக வரும் ஒரு ரேடியோ கிட் வரவழைத்தார். கை நடுக்கத்தோடு, பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு பாகமாக ஈயம் உருக்கிச் சால்டர் செய்தார். முதல் நாளே தம்பியின் அழைப்பு கேட்டது. அழுதுவிட்டார். பதில் தட்டினார். தம்பி மறுபடி அழைத்தார், யாருமே பதில் சொல்லாத மாதிரி.

நோயாளி போன பிறகு டாக்டர், ராயன் கொண்டுவந்திருந்த அந்த சர்க்யூட் பலகையை வாங்கிப் பார்த்தார். பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை நுழைத்து அடிப்பக்கமும் பார்த்தார்.

"சொத்தை ஒண்ணுமில்ல" என்றார்.

"அப்ப ஏன் டாக்டர் கேக்கல? பவர் பத்தலையா? கூட்டிரட்டுமா?"

"கூட்டலாம். இப்ப மெதுவா தப்பு செய்யிறீங்க. அப்புறம் சத்தமா செய்வீங்க."

ராயனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தப்பு எங்கே என்று கேட்டார்.

தம்பி அழைக்கிற நேரத்தில் பெட்டியோடு இங்கே வந்து, தன் முன்னால் தட்டச் சொன்னார் டாக்டர்.

ராயன் தயங்கினார். டாக்டருக்கு மோர்ஸ் அத்துபடி. தட்டுவதெல்லாம் அவருக்கும் புரியும். இது அண்ணன் தம்பி சமாச்சாரம். அதை எப்படி இன்னொருத்தர் முன்னால் அவிழ்ப்பது?

"பெட்டிய மட்டும் பாத்துச் சொல்லக்கூடாதா?"

"வாயத் தொறக்க மாட்டேன், பல் வலிக்கு மருந்து குடுன்னா நான் என்ன அண்ணாச்சி செய்ய?"

ராயன் பலகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நன்றாக இருந்த சால்டரையெல்லாம் உருக்கி மறுபடி வைத்தார். அதோடு நிற்கவில்லை. இந்த வயதில் மாடித் தொட்டி மேல் ஏறிக் கம்பியை உயர்த்திக் கட்டினார். மனைவி கீழே நின்று திட்டிய திட்டில் தெருவே வேடிக்கை பார்த்தது. உள்ளூர் நண்பர் ஒருவரை ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தார். குமிழைத் திருப்பித் தேடிப் பிடித்து, கணீரென்று கேட்பதாகச் சொன்னார் நண்பர்.

தம்பிக்கு மட்டும் கேட்கவில்லை.

மறுபடி டாக்டரிடம் போனார். ஒருவேளை அவனுக்குக் கேட்கிறதோ, கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறானோ என்றார். அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.



"தம்பிக்குக் காது எப்படி?" என்று கேட்டார் டாக்டர்.

மந்தம்தான் என்றார் ராயன். இரைச்சல் ஆகாது. அந்தக் காலத்திலேயே பக்கத்து அலை ஒன்றும் நுழையாதபடி பெட்டியை மிகக் குறுகலாக வைத்துத்தான் கேட்பான். நேராக வந்தால் கேட்கும். கொஞ்சம் தள்ளி வந்தால் அவனுக்கு அது இல்லவே இல்லை.

"சரி, ஞாயித்துக்கிழமை பெட்டியோட வாங்க" என்றார் டாக்டர். பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

ஞாயிறு அன்று கிளினிக் விடுமுறை. காலையிலேயே ராயன் வாசலில் நின்றார். வேறு வழியில்லாமல் வந்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

டாக்டர் மாடிக் கம்பியின் வயரைப் பெட்டியில் செருகினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு மெல்லிய விசில், விட்டு விட்டு. யாராவது இருக்கிறீர்களா, யாராவது இருக்கிறீர்களா.

"அவன்தான்" என்றார் ராயன். "கடைசில அந்த நீட்டு, அவன் தட்டுற கைதான்."

குமிழை இப்படியும் அப்படியும் திருப்பி, விசில் காதுக்கு இதமாக வருகிற இடத்தில் நிறுத்தினார். அழைப்பு முடிந்ததும் பதில் தட்டினார். தட்டும்போது அவர் உதடும் அசைந்தது.

பதில் இல்லை. சூசை மறுபடி அழைக்க ஆரம்பித்தார்.

"பாத்தீங்களா?" என்றார் ராயன்.

"பாத்துட்டேன்" என்றார் டாக்டர்.

கையை நீட்டிக் குமிழை மெல்லத் திருப்பினார்.

விசில் தணிந்தது. இன்னும் தணிந்து உறுமல் ஆனது. பிறகு அதுவும் இல்லை.

"டாக்டர்! அவன் போயிட்டான்."

"எங்கயும் போகல."

"ஒண்ணும் கேக்கலயே."

"கேக்காது. இப்பத்தான் நேரா அவர் இருக்கிற எடத்துல நிக்கீங்க."

ராயன் பெட்டியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார்.

தெரியாத விஷயம் ஒன்றுமில்லை. பரீட்சைக்குப் படித்ததுதான். நம் பெட்டிக்குள் ஒரு அலை ஓடுகிறது, வெளியிலிருந்து ஒரு அலை வருகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விசிலாகக் கேட்கிறது. வித்தியாசம் இல்லாவிட்டால் விசில் இல்லை. விசில் இதமாகக் கேட்கிற இடத்தில் நின்று பதில் தட்டினால், பதில் அந்த அளவுக்குத் தள்ளித்தான் போய் விழும். கடையில் வாங்கும் பெட்டி அந்தத் தள்ளலைத் தானே சரிசெய்துவிடும். பேசிய காலம் முழுக்க அப்படிப்பட்ட பெட்டியிலேயே பேசியவருக்கு, அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. கொஞ்சம் பாகங்களிலேயே முடிகிற இந்தக் கிட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"அப்ப இத்தனை நாளும் நான்…"

"உங்களுக்கு நல்லாக் கேக்குற எடத்துல நின்னு பேசிட்டு இருந்தீங்க" என்றார் டாக்டர். "தட்டுங்க."

"அவன் இன்னும் அழைச்சிட்டு இருந்தா? முடிச்சிட்டானான்னு இங்க நின்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் எப்ப முடிப்பார்னு உங்களுக்குத் தெரியாதா?"

ராயன் கண்ணை மூடினார். தம்பியின் கை அவருக்குள் ஓடியது. இப்போது மூன்றாம் தடவை கூப்பிடுவான். இப்போது தன் அழைப்புக் குறியைச் சொல்வான். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பான்.

இழுத்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு தட்டினார்.

மன்னிப்பு, விளக்கம் என்று என்னவெல்லாமோ யோசித்து வைத்திருந்தார். தட்டியது தம்பியின் குறி, தன்னுடைய குறி, அவ்வளவுதான். யாரென்று தெரிய அது போதும்.

டாக்டர் குமிழை ஒரு மயிரிழை திருப்பினார்.

இரைச்சல்.

பிறகு விசில். நிதானமான கை. உங்கள் அழைப்பு தெளிவாகக் கேட்கிறது. பெயர் சூசை. ஊர் குன்னூர். உங்கள் பெயர் என்ன?

முன்பின் தெரியாதவரிடம் சொல்கிற மாதிரியே சொன்னார். எல்லாம் முறைப்படி.

இந்தத் தடவை குமிழை ராயனே திருப்பினார், விசில் நிற்கிற இடத்துக்கு. பெயர் ராயன், ஊர் தூத்துக்குடி என்று தட்டினார். பிறகு குமிழை ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி காது கொடுத்தார்.

"உங்கள் பெட்டி என்ன?" என்று வந்தது. இதுவும் முறைப்படி எல்லோரும் கேட்பதுதான்.

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ராயன் தட்டினார்.

"நானே செய்தது."

வெறும் இரைச்சல். வெளியே ஒரு பால் வண்டி போனது. இன்னும் இரைச்சல்தான்.

ராயனின் கை தம்பியைத் தேடிக் குமிழுக்குப் போனது. போன கை பாதியில் நின்றது. மடிக்குத் திரும்பி வந்தது.

அப்படியே உட்கார்ந்திருந்தார்.

விசில் வந்தது.

"இதையாவது விற்காதே."