அஞ்சு ஸ்டாருக்குப் படிந்த பேரம்

சோணைமுத்துவின் மிக்சி ரிப்பேர் கடையில் மின்விசிறி ஓடி வருஷக்கணக்காகிறது. ஆனாலும் காற்றுக்குப் பஞ்சமில்லை. மனுஷன் வாயைத் திறந்தால் எதிர்க்கடையில் தொங்கும் சேலையெல்லாம் பறக்கும் என்பது மதுரை கீழவாசல் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அன்றைக்குக் கற்பகவல்லி அவர் புளுகைக் கேட்க வரவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்த தையல் மெஷின் மோட்டாரை வாங்கிப் போக வந்தவள், முகம் சுண்டிப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தீபாவளிக்கு இருபது நாள்தான் இருக்கிறது. ஜாக்கெட் துணியோடு வரிசையில் நிற்க வேண்டிய பெண்களைக் காணோம். காரணம் என்று அவள் நினைத்தது போனில் இருந்தது. மேப்பில் அவள் தையல் கடைப் பெயருக்குக் கீழே மொத்தம் மூன்று பேர் ஸ்டார் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் அஞ்சு. மூன்றாவது எவனோ ஞானதுரையாம், சேவல் படம் வைத்தவன், ஒற்றை ஸ்டாரைக் குத்திவிட்டுப் போயிருக்கிறான். ஏன், எதற்கு என்று ஒரு எழுத்து கிடையாது. அந்தப் பெயரில் யாரும் அவளிடம் தைத்ததும் கிடையாது.

போதாததற்குக் காலையில் ஒருத்தன் போன் போட்டு, "மேப் ஆபீஸ்லருந்து பேசுறோம்" என்றிருக்கிறான். எட்டாயிரம் கட்டினால் அந்த ஒற்றை ஸ்டாரை அழித்துவிடுவானாம். நாலு மணிக்குள் கட்டாவிட்டால் கடையையே மேப்பிலிருந்து தூக்கிவிடுவார்களாம். இப்போது மணி மூன்றே முக்கால்.

"எட்டாயிரம் சொன்னான், சரி. நீ எவ்வளவுக்குக் கேட்டே?" என்றார் சோணைமுத்து.

"அதுல கேக்க என்னண்ணே இருக்கு?"

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. போன் போட்டவன் மேல் இல்லை. சொன்ன விலையை வாய் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தவள் மேல்.

"கெட்டுச்சு போ! ஏத்தா, இன்டர்நெட்டுல எவன் என்ன கேட்டாலும் அடிச்சுப் பேசணும். போன ஆடியில ஓடிபி கேட்டு ஒருத்தன் எனக்குப் போன் பண்ணான்…"

"ஆரம்பிச்சுட்டான்யா" என்று டீ கிளாசோடு ஸ்டூலை இழுத்துப் போட்டார் ரஹமத்துல்லா பாய். பக்கத்துக் கடைக்காரர், பிரியாணி அண்டா வாடகைக்கு விடுபவர்.

"ஆறு நம்பர் சொல்லுங்க சார்ங்கிறான். ஆறெல்லாம் கட்டுப்படியாகாது, ரெண்டு தர்றேன்னேன். அஞ்சுன்னான். போனை வைக்கவான்னேன். நாலுக்கு வந்தான். அரை மணி நேரம் பாயி! கடைசில நான் ஒத்த நம்பர் சொல்லல. அவன் ஓடிபி ஆறையும் என்கிட்டச் சொல்லிட்டு, கொசுறுக்கு அவன் மச்சினன் ஓடிபியையும் குடுத்துட்டு, அழுதுக்கிட்டே வச்சான்."

"அதை வச்சு நீ என்னப்பா பண்ணே?"

"பாவம்னு மறுநாள் திருப்பிக் குடுத்துட்டேன்."

கற்பகவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். பணம் அனுப்பும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டு போடவா வேண்டாமா என்று விரலை வைத்துத் தயங்கினாள். அவ்வளவுதான், அதையும் பிடித்துக்கொண்டார்.

"பாஸ்வேர்டுன்னா என்னுது மாதிரி இருக்கணும். தெப்பக்குளத்துல ஆரம்பிச்சா அழகர்கோயில்ல போயித்தான் முடியும். திருட வந்தவனுக்குப் பாதியிலயே தலை நரைச்சுப்போச்சு. மிச்சத்தை இப்ப அவன் மகன் அடிச்சுக்கிட்டிருக்கான்."

"நீ எப்படி அடிப்பே?" என்றார் பாய்.

"நான் எதுக்கு அடிக்கணும்? நம்ம மூஞ்சியப் பாத்தாலே போன் எந்திரிச்சு நிக்கும். எதுத்த ஸ்டுடியோக்காரரைக் கேளுங்க. அவரு பென்டிரைவு பூராம் வைரஸு. எந்த எஞ்சினியருக்கும் அடங்கல. இந்தா, இந்த ஜார்லதான் போட்டேன். ஆயிரம் வாட்ஸ் மோட்டாரு, மூணே சுத்து. வைரஸ் நைஸாப் பொடியாயிருச்சு, போட்டோவுக்கு ஒரு கீறல் இல்ல. ஒரே ஒரு கல்யாண போட்டோவுல மட்டும் மாப்பிள்ளைக்கு லேசாத் தலைசுத்தல்."

பாய்க்கு டீ புரையேறியது. கற்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்ணே, பொழைப்புப் போகுதுண்ணே எனக்கு. இந்த ஸ்டாருக்கு ஒரு வழி சொல்லுங்க, இல்ல மோட்டாரைக் குடுங்க, போறேன்."

"ஸ்டாரா? ஸ்டார் பேரத்துல என்னைய அடிச்சுக்க ஆளு இன்னும் பொறக்கல. போன மாசம் மேலூர்க்காரன் ஒருத்தன். செத்துப்போன அவன் கிரைண்டருக்கு உசுரு குடுத்து அனுப்புனேன். அரைக்கச் சொன்னா அரிசி போடுறதுக்கு முன்னாடியே மாவு வருது, அப்படி ஒரு வேலை. அந்த நன்றி கெட்ட பய என்ன பண்ணான் தெரியுமா? என் கடைக்கு அஞ்சு ஸ்டார் போட்டுட்டான்!"

கற்பகவல்லி நிமிர்ந்தாள். "அஞ்சு போட்டா…"

"விடுவேனா? மேலூருக்கு பஸ் ஏறிட்டேன். அவன் வாசல்லயே மூணு நாள் பேரம். மொத நாள் நாலுக்கு எறங்குனான். அவன் பொண்டாட்டி குறுக்க விழுந்து மூணரைன்னா. அரையெல்லாம் சில்லறைக் கணக்கு, பேசாதன்னேன். ரெண்டுல வந்து சண்டி மாடாட்டம் படுத்துக்கிட்டான். ஊரே கூடிருச்சு. மேப் கம்பெனி மொதலாளி அமெரிக்காவுலருந்து ஏரோப்ளேன்ல வந்து, மேலூருக்கு மேல அப்படியே நிப்பாட்டி, 'சோணை சார், உலகத்துல அத்தனை பேரும் ஏத்தச் சொல்லிக் கேக்குறாங்க. எறக்கச் சொல்லிக் கேட்ட ஒரே ஆம்பள நீங்கதான்'னு மைக்குல கெஞ்சுறான். எறங்கி வந்து பேசுடான்னேன். கடைசில படிஞ்சது பாரு… ஒண்ணு!"

ஒற்றை விரலைக் கொடி மாதிரி உயர்த்திப் பிடித்தார்.



"ஒண்ணுன்னா என்னண்ணே?" கற்பகவல்லியின் குரல் மெதுவாக வந்தது.

"ஒண்ணுன்னா ஒண்ணாம் நம்பர்! ஃபர்ஸ்ட் ரேங்க்கு! பள்ளிக்கூடம் போனியா இல்லியா நீ?"

"உங்க போனைக் குடுங்க."

கொடுத்தார். மேப்பைத் திறந்தாள். திரை மூலையில் சிலிர்த்துக்கொண்டு நின்றது ஒரு சேவல். பெயர், ஞானதுரை.

"இது யாரு?"

"பழைய போன்தானே? அவன்கிட்டதான் அடிச்சு வாங்குனேன். பேரை மாத்தணும்னா பாஸ்வேர்டு கேக்குது. அது ஞானதுரைக்குத்தான் தெரியும்."

"தெப்பக்குளத்துல ஆரம்பிக்கிறதாச்சே?" என்றார் பாய்.

"அப்ப என் கடைக்கு ஒத்த ஸ்டார் போட்டது நீங்கதானா?"

"பின்னே? இந்தக் கீழவாசல்ல உன்னைய மாதிரி ஜாக்கெட் தைக்க எவ இருக்கா? உனக்குப் போடாம வேற யாருக்குத்தா போடுவேன்?"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். அவள் திட்ட வாயெடுத்தாள். அந்நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. நாலு மணிக்காரன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், டைம் முடியுது. எட்டாயிரம்…"

"சார், அந்த ஸ்டாரைப் போட்டவரு என் எதுக்கத்தான் உக்காந்திருக்காரு. ஸ்டாரை நாங்களே பாத்துக்கிறோம். இவரு வாயை மட்டும் அஞ்சு நிமிஷம் மூடிக் காட்டுங்க, பதினாறாயிரமாவே தர்றேன்."

"பதினாறா?" சோணைமுத்து பதறிப்போய்ப் போனைப் பிடுங்கினார். "டேய், ஐந்நூறுக்கு மேல பேசாத! என் வாயைப் பத்தி உனக்கு…"

அவன் எப்போதோ வைத்துவிட்டிருந்தான்.

கற்பகவல்லி அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து, அவர் போனிலேயே அஞ்சாவது ஸ்டாரில் அழுத்தினாள். ஊசி குத்தியது போல விரலை உதறினார் சோணைமுத்து.

"எவ்வளவு ஒசரத்துல வச்சிருந்தேன் உன்னைய! அஞ்சாம் எடத்துக்குப் போயிட்டியேத்தா!"

பாய் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சோணைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"சிரிக்காதீங்க பாய். உங்களை மட்டும் விட்டுருவேனா? இந்தத் தெருவுல ஒரு கடை பாக்கி இல்ல. உங்க அண்டாக் கடைக்குப் பழகின பழக்கத்துக்கு எம் மகன், மருமக, சம்பந்தி வீடுன்னு பதினேழு போன்லருந்து போட்டு விட்டேன்…"

பாய் டீ கிளாசை மெதுவாகக் கீழே வைத்தார்.

"…பதினேழும் ஒண்ணாம் நம்பரு!"